மஞ்சள் வேகவைக்க எத்தனை கிலோ பாய்லர் வேண்டும்?

மஞ்சளை வெட்டி எடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குள் வேகவைத்துவிடுவது நல்லது. கொப்பரைத் தண்ணீரில் வேகவைப்பதைவிட நீராவியில் வேகவைத்தால் விறகும் நேரமும் மிச்சம். மஞ்சளும் ஒரே சீராக வேகும். விவசாயிகள் சிலர் கூட்டாகச் சேர்ந்து பாய்லர் வாங்கலாம். ஆனால் அளவு தெரிந்து வாங்க வேண்டும். பெரிதானால் போட்ட முதல் வீண். சிறிதானால் மஞ்சள் அரைவேக்காடாகும்.

பாய்லரின் அளவு என்பது அது ஒரு மணி நேரத்தில் தரும் நீராவியின் எடையாகும்.

நீராவிக் கணக்கு

10 ஏக்கரில் 100 டன் பச்சை மஞ்சள் கிடைக்கிறது. 20 நாட்களுக்குத் தினம் 10 மணி நேரம் வேகவைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 500 கிலோ வேக வேண்டும்.

ஒரு கிலோ மஞ்சளின் சூட்டை ஒரு டிகிரி உயர்த்தச் சுமார் 0.9 கிலோ கலோரி தேவை. 500 கிலோவை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 31,500 கிலோ கலோரி ஆகும். ஒரு கிலோ நீராவி 540 கிலோ கலோரி தரும். ஆகவே 58 கிலோ நீராவி வேண்டும். டிரம் சூடாவதற்கும் சேதாரத்துக்கும் நூற்றுக்கு 40 சேர்த்தால் 81 கிலோ.

ஒரு டிரம்மா, இரண்டா?

500 கிலோ பிடிக்கும் ஒரே டிரம் என்றால், வேக அரை மணியும், கொட்டி நிரப்ப அரை மணியும் ஆகும். 81 கிலோ நீராவியும் அரை மணியில் வர வேண்டும். அதாவது மணிக்கு 162 கிலோ. 250 கிலோ டிரம்கள் இரண்டை வைத்து மாற்றி மாற்றி நீராவி விட்டால் மணிக்கு 81 கிலோவே போதும். பாய்லர் பாதியாகக் குறைந்துவிடும்!

விற்பவரிடம் கேட்க வேண்டியது

பாய்லரின் அளவை 100 டிகிரித் தண்ணீரை வைத்துச் சொல்வது வழக்கம். 30 டிகிரிக் கிணற்றுத் தண்ணீர் விட்டால் 100 கிலோ பாய்லர் சுமார் 88 கிலோதான் தரும். ஆகவே இரண்டு டிரம்முக்கு 100 கிலோ பாய்லரும், ஒரே டிரம்முக்கு 200 கிலோ பாய்லரும் பொருந்தும்.

கவனிக்க வேண்டியவை

* ஒரு கிலோ காய்ந்த விறகில் சுமார் 3 கிலோ நீராவி கிடைக்கும். மேற்சொன்ன வேலைக்குத் தினம் 270 கிலோ விறகு தேவை.

* உப்புத் தண்ணீர் விட்டால் உள்ளே காரை படியும், விறகு கூடுதலாகும்.

* பாதுகாப்பு வால்வை ஒருபோதும் அடைக்கவோ, கட்டி வைக்கவோ கூடாது.

* 2025-இல் புதிய கொதிகலன் சட்டம் வந்துள்ளது. பதிவு தேவையா என்று கொதிகலன் ஆய்வாளரிடம் கேட்டறிந்த பிறகே முன்பணம் கொடுங்கள்.