நெய்ச்சட்டிக் கீரை

நெய்வேலி நகரியத்தில் எந்த வட்டத்துத் தெருவோரத்திலும் குனிந்து தேடினால் ஊதாப் புள்ளிகளாக ஒரு செடி பூத்திருக்கும். நெய்ச்சட்டிக் கீரை. சித்த வைத்தியத்தில் சீதேவியார் செங்கழுநீர். புல் செதுக்கும்போது இதையும் சேர்த்துச் சீவிவிடுகிறோம். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்து வருவது எனக்கு வருத்தம்தான். சிறுவர்கள் தலையைச் சுண்டி விளையாடும் தாத்தாப்பூ, அதாவது வெட்டுக்காயப்பூண்டு, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து குடியேறியது. நெய்ச்சட்டிக் கீரையோ இந்த மண்ணுக்கே உரியது. இரண்டுமே சூரியகாந்திக் குடும்பம்.

ஒரு பூவைக் கிள்ளி நகத்தால் பிளந்து பாருங்கள். மிளகைவிடச் சற்றே பெரிய அந்தத் தலைக்குள் ஏறக்குறைய இருபது பூக்கள் நெருக்கியடித்து நிற்கும். சூரியகாந்தியின் விளிம்பில் இருக்கும் மஞ்சள் நாக்குகள் போல இதில் எதுவும் கிடையாது. எல்லாமே ஐந்து பல் கொண்ட குழல்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஐந்து மகரந்தப் பைகள் ஒட்டிக்கொண்டு இன்னொரு குழலாகியிருக்கும். மகரந்தம் அதன் உட்புறத்தில் கொட்டும். சூல்தண்டு அடியிலிருந்து வளர்ந்து, புட்டுக்குழலில் குச்சி விட்டுத் தள்ளுவதுபோல அந்தத் தூளை மேலே தள்ளிக்கொண்டு வரும். தண்டிலுள்ள நுண்மயிர்கள் மிச்சத்தையும் பெருக்கி எடுத்துவிடும். பூச்சிகள் தூளைச் சுமந்து போகும். பிறகுதான் தண்டின் நுனி இரண்டாகப் பிரிந்து, வந்து சேரும் மகரந்தத்தை ஏற்கும். இத்தனையும் ஒரு நூல் கனத்துக்குள்!

1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு 'சினேரியா' என்று சிற்றினப் பெயர் வைத்தார். லத்தீனில் சாம்பல் நிறம் என்று பொருள். இலையையும் தண்டையும் போர்த்திய நரைமயிரைப் பார்த்து வைத்த பெயர். பேரினப் பெயர் பிற்பாடு வெர்னோனியா ஆகி, 1990இல் சயாந்தில்லியம் ஆயிற்று. சாம்பல் மட்டும் கூடவே வந்தது. 1962இல் மின்சாரம் தரத் தொடங்கி, பழுப்பு நிலக்கரிச் சாம்பலோடு பழகிய நெய்வேலிக்கு இதைவிடப் பொருத்தமான பூ இருக்கிறதா?



முற்றிய தலை வெண்பஞ்சாக விரியும். ஊதினால் ஒவ்வொரு விதையும் தன் மயிர்க்குடையோடு கிளம்பும். தோண்டிப் புரட்டிய வெற்று மண் கிடைத்தால் போதும், அங்கே இறங்கி முளைத்துவிடும்.