அமெரிக்க வரலாற்றுக் கல்வியில் ஆட்சியியல், பொருளியல் கலைச்சொற்கள்: தமிழ்வழிப் புரிதலும் தடுமாற்றங்களும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க வரலாற்றைத் தமிழ்வழியில் பயில்வோர் எதிர்கொள்ளும் ஆட்சியியல், பொருளியல் கலைச்சொற்களுள் பல, தமிழில் ஏற்கெனவே வேறொரு சூழலில் வழங்கி வருபவை. கூட்டாட்சி, ஒன்றியம், மாநில உரிமை, காப்பு வரி, பணவீக்கம் போன்ற சொற்கள் இந்திய, இலங்கை அரசியல் பட்டறிவிலிருந்து பெற்ற மதிப்பீட்டையும் தம்முடன் சுமந்து வருகின்றன. அம்மதிப்பீடு அமெரிக்க நிகழ்வுகளின் மீது படியும்போது வரலாற்றுப் புரிதல் திரிகிறது. தேர்ந்தெடுத்த சில சொற்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் அமெரிக்கப் பொருளையும் தமிழ்ப் பொருளையும் ஒப்பிட்டு, கற்பித்தலுக்கு உரிய ஒரு வழிமுறையை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: அமெரிக்க வரலாறு, கலைச்சொல், கூட்டாட்சி, மாநில உரிமை, காப்பு வரி, பணவாட்டம், ட்ரஸ்ட்.

முன்னுரை

கலைச்சொல்லாக்கம் குறித்த விவாதங்கள் பெரும்பாலும் இணைச்சொல் உண்டா, அது எளிதா, வடமொழி கலந்ததா என்ற வினாக்களைச் சுற்றியே அமைகின்றன. வரலாற்றுப் பாடத்தில் எழும் சிக்கல் வேறு வகையானது. இங்கே இணைச்சொல் பெரும்பாலும் கிடைக்கிறது. மாணவர் அதை நன்கு அறிந்தும் இருக்கிறார். நன்கு அறிந்த சொல் என்பதாலேயே அதன் பொருளை மீண்டும் கேட்டுப் பார்ப்பதில்லை. அறியாத சொல் மாணவரை அகராதியிடம் அனுப்புகிறது. அறிந்த சொல்லோ அவரை நிறுத்தாமல் கடத்திவிடுகிறது.

தமிழகக் கல்லூரிகளின் வரலாற்றுப் பட்டப்படிப்புகளில் அமெரிக்க வரலாறு ஒரு தாளாக இடம்பெற்று வருகிறது. அத்தாளில் பயிலும் அடிப்படைச் சொற்களை, முதலில் ஆட்சியியல், பின்னர் பொருளியல் என்ற வரிசையில் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. கூட்டிணைவும் கூட்டாட்சியும்

விடுதலைப் போரின்போது 13 அமெரிக்க மாநிலங்களும் ஏற்றுக்கொண்ட முதல் அரசமைப்பு, 1777இல் வரையப்பட்டு 1781இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி காங்கிரசில் ஒவ்வொரு மாநிலத்திற்கும் ஒரு வாக்கு. முக்கிய முடிவுகளுக்கு 9 மாநிலங்களின் இசைவு வேண்டும். திருத்தத்திற்கு எல்லா மாநிலங்களும் உடன்பட வேண்டும். வரி விதிக்கும் அதிகாரம் காங்கிரசுக்கு இல்லை. 1781இல் முன்மொழியப்பட்ட 5 விழுக்காட்டு இறக்குமதி வரியை ரோட் ஐலண்டு என்ற சிறிய மாநிலம் ஏற்க மறுத்தது, முன்மொழிவு வீழ்ந்தது. தனித்தனி அரசுகள் தம் இறைமையைக் கைவிடாமல் செய்துகொண்ட இவ்வுடன்படிக்கையைக் ‘கூட்டிணைவு’ எனலாம்.

1787இல் ஃபிலடெல்ஃபியாவில் கூடிய மாநாடு இதற்கு மாற்றாக வகுத்ததே இன்றைய அரசமைப்பு. இதில் மைய அரசு மாநிலங்களின் தயவை நாடாமல் நேரடியாக வரி விதிக்கவும் மக்கள் மீது சட்டம் செலுத்தவும் வல்லது. இதுவே ‘கூட்டாட்சி’. இரண்டு சொற்களையும் ‘கூட்டமைப்பு’ என ஒரே சொல்லால் பெயர்த்துவிட்டால், 1787இல் எது மாறியது என்பதே மாணவருக்குப் புலப்படாது.

அடுத்த தடுமாற்றம் இதனினும் ஆழமானது. அரசமைப்பை ஆதரித்தோர் ‘ஃபெடரலிஸ்ட்’, அதாவது கூட்டாட்சியாளர் எனப்பட்டனர். ஹாமில்டன், மாடிசன், ஜே ஆகியோர் எழுதிய 85 கட்டுரைகளும் அப்பெயரிலேயே தொகுக்கப்பட்டன. அவர்கள் கேட்டது வலுவான மைய அரசு. தமிழ்ச் சூழலில் கூட்டாட்சி என்பது இதற்கு நேர்மாறான திசையைக் காட்டுகிறது. தமிழகத்தில் அது மாநிலங்களுக்குக் கூடுதல் அதிகாரம் கோரும் குரலின் சொல். இலங்கையில் 1949இல் தோன்றிய தமிழரசுக் கட்சி ஆங்கிலத்தில் ‘ஃபெடரல்’ கட்சி என்றே அறியப்பட்டது. அங்குச் ‘சமஷ்டி’ என்பது ஒற்றையாட்சிக்கு எதிரான கோரிக்கை.

சொல்லின் இலக்கணம் எங்கும் ஒன்றே. புறப்பட்ட இடம்தான் வேறு. தளர்ந்த கூட்டிணைவிலிருந்து புறப்பட்டவர்களுக்குக் கூட்டாட்சி மையத்தை நோக்கிய நகர்வு. இறுகிய ஒற்றையாட்சியிலிருந்தோ வலுவான மையத்திலிருந்தோ புறப்படுபவர்களுக்கு அது வட்டாரத்தை நோக்கிய நகர்வு. இதை முதல் வகுப்பிலேயே விளக்காவிடில், ஹாமில்டனை மாநிலத் தன்னாட்சியின் முன்னோடியாக மாணவர் எழுதிவைக்க இடமுண்டு.

2. மாநிலம், ஒன்றியம், மாநில உரிமை

‘மாநிலம்’ என்ற சொல் அமெரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் பொதுவாக ஆளப்படுகிறது. ஆனால் இந்திய அரசமைப்பின் 3ஆம் உறுப்பின்படி, நாடாளுமன்றம் ஒரு மாநிலத்தின் கருத்தைக் கேட்க வேண்டுமேயன்றி அதன் இசைவைப் பெற வேண்டியதில்லை. மறுசீரமைப்பு மசோதாவை ஆந்திரப் பிரதேசச் சட்டமன்றம் ஏற்க மறுத்த நிலையிலும் 2014இல் தெலங்கானா உருவானது. அமெரிக்க அரசமைப்பின் 4ஆம் உறுப்போ, தொடர்புடைய மாநிலச் சட்டமன்றத்தின் இசைவின்றி அதன் எல்லைக்குள் புதிய மாநிலம் அமைக்கப்படுவதைத் தடுக்கிறது. 1869இல் டெக்சாஸ் எதிர் வைட் வழக்கில், ஒன்றியமும் அழிக்கவியலாதது, மாநிலங்களும் அழிக்கவியலாதவை என்ற கருத்தை உச்சநீதிமன்றம் நிலைநாட்டியது.

‘ஒன்றியம்’ என்ற சொல்லும் கவனத்திற்குரியது. இன்றைய தமிழக அரசியலில் ‘ஒன்றிய அரசு’ என்னும் வழக்கு, மாநிலங்கள் சேர்ந்தே நாடு அமைந்தது என்பதை வலியுறுத்துகிறது. 1861 முதல் 1865 வரையிலான உள்நாட்டுப் போரில் ‘ஒன்றியம்’ என்பது, எந்த மாநிலமும் பிரிந்து செல்ல முடியாது என்று போரிட்ட தரப்பின் பெயர்.

எல்லாவற்றினும் எச்சரிக்கையுடன் கையாள வேண்டியது ‘மாநில உரிமை’. தமிழ் மாணவருக்கு இது மொழி, கல்வி, நிதிப் பகிர்வு ஆகியவற்றோடு பிணைந்த, மக்களாட்சி சார்ந்த சொல். அதே மனநிலையுடன் அமெரிக்கத் தென் மாநிலங்களின் பிரிவினையைப் படிப்பவர், அதை மைய ஆதிக்கத்திற்கு எதிரான உரிமைப் போராகக் கருதிவிடக்கூடும். சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தருமாறு ஆணையிட்ட 1850ஆம் ஆண்டுச் சட்டம் மைய அரசின் அதிகாரத்தைப் பெருக்கியது. அதைக் கோரியோர் தென் மாநிலத்தவர். அச்சட்டத்தைத் தடுக்கத் தம் மாநில அதிகாரத்தைப் பயன்படுத்தியவை வட மாநிலங்கள். 1860 டிசம்பரில் தென் கரோலினா வெளியிட்ட பிரிவினை விளக்க அறிக்கை, வட மாநிலங்கள் இக்கடமையிலிருந்து தவறியதையே முதன்மைக் குறைகளுள் ஒன்றாக அடுக்கியது. பிரிந்த மாநிலங்கள் 1861இல் இயற்றிய அரசமைப்பு, அடிமை உடைமையைப் பாதிக்கும் சட்டம் இயற்றலாகாது எனத் தம் மைய அவையையே கட்டுப்படுத்தியது.

ஆகவே ‘யாருடைய உரிமை, எதைச் செய்வதற்கான உரிமை’ என்ற வினாவின்றி இச்சொல்லை வகுப்பறையில் ஆளலாகாது. ஏறத்தாழ 40 இலட்சம் அடிமைப்பட்ட மக்கள் இச்சொல்லின் நிழலில் மறைந்துவிடும் வாய்ப்பு இருப்பதால், இது சொல்லாய்வு மட்டுமன்று, அறம் சார்ந்ததும் ஆகும்.

3. குற்றச்சாட்டும் பதவி நீக்கமும்

‘இம்பீச்மென்ட்’ என்பதைத் தமிழ் இதழ்கள் பெரும்பாலும் ‘பதவி நீக்கத் தீர்மானம்’ எனப் பெயர்க்கின்றன. அமெரிக்க நடைமுறையில் இது இரண்டு படிகள் கொண்டது. பிரதிநிதிகள் அவை எளிய பெரும்பான்மையால் குற்றம் சாட்டுகிறது. செனட் விசாரித்து மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் தண்டிக்கிறது. முதற்படிக்கு மட்டுமே இச்சொல் உரியது. 1868இல் ஆண்ட்ரூ ஜான்சன் குற்றம் சாட்டப்பட்டார். செனட்டில் 35 பேர் எதிராகவும் 19 பேர் ஆதரவாகவும் வாக்களிக்க, ஒரே வாக்கு குறைந்ததால் பதவியில் நீடித்தார். 1998இல் கிளிண்டனும், 2019இலும் 2021இலும் டிரம்ப்பும் குற்றம் சாட்டப்பட்டு விடுவிக்கப்பட்டனர். நிக்சன் 1974இல் அவையின் வாக்கெடுப்பிற்கு முன்பே விலகினார். இம்முறையால் பதவியிழந்த குடியரசுத் தலைவர் ஒருவரும் இல்லை. ‘அவைக் குற்றச்சாட்டு’ என்பது இப்பொருளுக்கு நெருக்கமானது.

‘செக்ரட்டரி’ என்ற பதவிப் பெயரும் இத்தகையதே. ‘செயலாளர்’ என்றால் இந்திய ஆட்சிப் பணி அலுவலர் நினைவுக்கு வருகிறார். ‘அமைச்சர்’ என்றால் சட்டமன்ற உறுப்பினர் நினைவுக்கு வருகிறார். அமெரிக்காவில் அப்பதவி வகிப்பவர் காங்கிரஸ் உறுப்பினராக இருத்தல் கூடாது. எச்சொல்லை ஆண்டாலும் இவ்வேறுபாட்டைக் குறிப்பிடுதல் இன்றியமையாதது.

4. சுங்கவரி: வருவாயும் காப்பும்

‘டாரிஃப்’ என்ற சொல்லைத் தமிழ் மாணவர் மின்கட்டணப் பட்டியல் வழியாகவே முதலில் அறிகிறார். அமெரிக்க வரலாற்றில் அது இறக்குமதிச் சுங்கவரி. 1913இல் 16ஆம் திருத்தம் வருமான வரிக்கு வழிசெய்வதற்கு முந்தைய காலத்தின் பெரும்பகுதியில், மைய அரசின் முதன்மை வருவாய் இதுவே. 1816 முதல் உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் நோக்கமும் இதில் வெளிப்படையாகச் சேர்ந்தது.

இந்திய விடுதலை இயக்கச் சிந்தனையில் காப்பு வரி ஒரு நாட்டுப்பற்றுச் சொல். தனக்கென வரிக்கொள்கை வகுக்கும் உரிமை அற்றிருந்த நாட்டுக்கு அது இயல்பு. அமெரிக்காவிலோ அது ஒரே நாட்டின் இரு வட்டாரங்களைப் பிரித்தது. வடகிழக்கின் ஆலைகளுக்கு வரி பாதுகாப்பளித்தது. பருத்தியைப் பிரிட்டனுக்கு விற்று, ஆலைப் பொருள்களை வெளியிலிருந்து வாங்கிய தென்னகத் தோட்ட உடைமையாளருக்கு அது விலையேற்றம். 1828ஆம் ஆண்டுச் சட்டம் வரியை மிக உயர்த்தியது. 1832 நவம்பரில் தென் கரோலினா அச்சட்டமும் அதைத் தொடர்ந்த 1832ஆம் ஆண்டுச் சட்டமும் தன் எல்லைக்குள் செல்லாது என அறிவித்தது. குடியரசுத் தலைவர் ஜாக்சன் படைவலிமையைக் காட்டினார். 1833இல் வரி படிப்படியாகக் குறைய இணக்கம் ஏற்பட்டது. ஒரு வரிவீதமே அரசமைப்புச் சிக்கலாக மாறியதை இந்நிகழ்வு காட்டுகிறது.

5. பணவீக்கமும் பணவாட்டமும்

விலைவாசி உயர்வை அன்றாடம் உணரும் மாணவருக்குப் ‘பணவீக்கம்’ தீமையின் பெயர். அதை வேண்டிப் போராடிய உழவர்களை அவரால் எளிதில் புரிந்துகொள்ள இயலாது. 1873ஆம் ஆண்டு நாணயச் சட்டம் வெள்ளி டாலரை வழக்கிலிருந்து நீக்கியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருள்களின் விலை பொதுவாகச் சரிந்தது. இதுவே பணவாட்டம்.

ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். ஒரு புஷல் கோதுமை 1 டாலர் விற்கும்போது ஓர் உழவர் 1,000 டாலர் கடன் பெறுகிறார் எனக் கொள்வோம். முதலைத் தீர்க்க 1,000 புஷல் போதும். விலை 50 சென்ட்டாகச் சரிந்தால் அதே கடனுக்கு 2,000 புஷல் தேவை. கடன் பத்திரத்தில் எண் மாறவில்லை, உழைப்பு இரட்டித்துவிட்டது. வெள்ளியை 16க்கு 1 என்ற வீதத்தில் தடையின்றி நாணயமாக்க வேண்டும் என்ற கோரிக்கை இந்நிலையிலிருந்து எழுந்தது. 1896 தேர்தலில் அக்கோரிக்கையை முன்னிறுத்திய பிரையன் தோற்றார். 1900இல் தங்க நாணயத் திட்டம் சட்டமாயிற்று. கடன் கொடுத்தவர், கடன் பட்டவர் என்ற இரு நிலைகளிலிருந்தும் பார்க்கும்போதே இச்சொற்கள் பொருள்படுகின்றன.

6. அறக்கட்டளை அல்லாத ‘ட்ரஸ்ட்’

தமிழில் ‘ட்ரஸ்ட்’ என்றதும் அறக்கட்டளை என்ற பொருளே தோன்றும். அப்பொருளில் படித்தால், 1890ஆம் ஆண்டு ஷெர்மன் சட்டம் அறநிலையங்களை ஒடுக்க வந்ததாகத் தோற்றமளிக்கும். சட்டக் கருவி இரண்டிற்கும் பொதுவானது: ஒருவரின் உடைமையை மற்றொருவர் பொறுப்பேற்று ஆளுதல். 1882இல் ஸ்டாண்டர்டு ஆயில் குழுமம் இக்கருவியை வணிகத்திற்குத் திருப்பியது. பல மாநிலங்களின் எண்ணெய் நிறுவனங்களின் பங்குகள் 9 பொறுப்பாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. பங்குதாரர்கள் சான்றிதழ் பெற்றனர். நிறுவனங்கள் பெயரளவில் தனித்தனியே நிற்க, கட்டுப்பாடு ஓரிடத்தில் குவிந்தது.

இதைப் ‘பொறுப்பாண்மைக் குழுமம்’ எனலாம். ‘முற்றுரிமை’ என்பது அதன் விளைவையே குறிக்கும். அமைப்பு முறையைக் குறிக்காது. 1911இல் உச்சநீதிமன்றம் ஸ்டாண்டர்டு ஆயிலைப் பிரிக்க ஆணையிட்டது. அதே சட்டம் 1908இல் டான்பரி தொப்பித் தொழிலாளர் வழக்கில் தொழிற்சங்கத்திற்கு எதிராகவும் ஆளப்பட்டதைச் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட சொற்களுள் எதையும் தமிழிலிருந்து விலக்க வேண்டியதில்லை. புதுச்சொற்களைக் குவிப்பதும் தீர்வாகாது. கூட்டிணைவு, அவைக் குற்றச்சாட்டு, பொறுப்பாண்மைக் குழுமம் போன்ற சில இடங்களில் மட்டுமே தனிச்சொல் தேவைப்படுகிறது. ஏனைய இடங்களில் வேண்டுவது விளக்க முறையே. ஒவ்வொரு சொல்லையும் மூன்று வினாக்களுடன் அறிமுகப்படுத்தலாம்: எந்த ஆண்டில் ஆளப்பட்டது? யார் ஆண்டனர்? அதனால் பயன்பெற்றவர், இழந்தவர் யாவர்? இம்மூன்றையும் தாங்கிய கலைச்சொல் பட்டியலொன்று பாடநூல்களின் பின்னிணைப்பாக அமையுமாயின், தமிழ் மாணவர் தம் அரசியல் பட்டறிவை மறக்கத் தேவையில்லை. அதை ஒப்பீட்டுக் கருவியாக்கிக் கொள்ளலாம். கூட்டாட்சி என்ற சொல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு திசையையும், சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மற்றொரு திசையையும் காட்டுவதை அறிந்த மாணவர், மூன்று நாடுகளின் வரலாற்றையும் முன்னினும் தெளிவாகக் கற்பார்.