மண்ணில் வளர்ந்த நாயும் டைல்ஸ் தரையும்

வெளியே போய்ப் பழகிய வளர்ந்த நாய் மறுபடியும் வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கத் தொடங்கினால், அதன் உடம்பில் ஏதோ மாறியிருக்கும். இல்லையென்றால் அது வாழும் இடத்தில் மாறியிருக்கும். எது என்று பார்க்காமல் பயிற்சியை ஆரம்பித்தால் நாய்க்கும் வீட்டாருக்கும் வீண் அலைச்சல்.

இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ராஜபாளையம் நாய் நல்ல உதாரணம். பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாக இருக்கும் இந்த இனம் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாயின அஞ்சல்தலைகளில் ஒன்று இதற்கு உரியது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மாந்தோப்பிலோ தென்னந்தோப்பிலோ ஓடித் திரிந்து வளர்ந்த நாய்க்கு ‘வெளியே’ என்றால் மண்தான். குட்டிப் பருவத்தில் எந்தத் தரையில் கழித்துப் பழகியதோ, அந்தத் தரையைத்தான் வளர்ந்த பிறகும் அதன் பாதம் தேடும். அதே நாயை இரண்டு வயதில் ஒரு மூன்றாம் மாடி வீட்டுக்குக் கொண்டுபோனால், முகர்ந்து முகர்ந்து அறை அறையாகச் சுற்றும். மண் கிடைக்காமல் கடைசியில் பூந்தொட்டி ஓரத்திலோ கால்மிதியிலோ கழிக்கும். சிமெண்டுக் கொட்டிலில் அடைத்து வளர்த்த நாயின் நிலை இன்னும் சிக்கலானது. கொட்டில் தரைக்கும் கூடத்துத் தரைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

ஆனாலும் முதலில் போக வேண்டிய இடம் கால்நடை மருத்துவமனை. சிறுநீர்த் தொற்று, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு எல்லாமே வீட்டில் இப்படித்தான் முதலில் தெரியவரும். சில மருந்துகளும், குறிப்பாக ஸ்டீராய்டு, தாகத்தைக் கூட்டி அடிக்கடி சிறுநீர் போகவைக்கும். கருத்தடை செய்த பெண் நாய் படுத்தெழுந்த இடம் மட்டும் நனைந்திருந்தால், அது தூக்கத்தில் தானாகக் கசிவது, மாத்திரையில் கட்டுப்படுத்தலாம். கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் சோர்ந்து, நிறையத் தண்ணீர் குடித்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே காட்ட வேண்டும். சிறுநீர் காப்பி நிறத்திலோ சிவந்தோ போனால் உண்ணிக் காய்ச்சலா என்று பார்க்க வேண்டும். பாலுக்குப் பேர்போன ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் நாய்க்கும் பால் ஊற்றுவது பாசத்தால்தான். ஆனால் வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. வயிறு இளகி, விடியும்வரை அடக்க முடியாமல் போகும்.

உடம்பில் குறையில்லை என்றால், அண்மையில் வீட்டில் என்ன நடந்தது என்று யோசிக்க வேண்டும். புது வீடு, புது ஆள், இன்னொரு நாய், விடாத ஐப்பசி மழை, தீபாவளி வெடி, எதுவும் காரணமாகலாம். ஆண் நாய் சுவரிலும் சோபாவிலும் கால் தூக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது எல்லை குறிப்பது.

அடிப்பதும் மூக்கை ஈரத்தில் தேய்ப்பதும் நிலைமையைக் கெடுக்கும். காதை மடக்கி, வாலை இடுக்கிக்கொண்டு மூலையில் ஒடுங்கும் நாயைப் பார்த்து, தப்பு செய்தது அதற்கே தெரிகிறது என்பார்கள். அது பயம். எப்போதோ கழித்ததையும் இப்போது விழும் அடியையும் நாயால் இணைத்துப் பார்க்க முடியாது. ஆள் முன்னால் சிறுநீர் கழிக்கக் கூடாது என்று மட்டும் கற்றுக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் போய்க் கழிக்கும்.

திருத்தும் வழி, குட்டிக்குப் பழக்குவது போலவே ஆரம்பத்திலிருந்து தொடங்குவது. விடிந்ததும், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும், தூங்கப் போகும்முன்னும், கயிறு பிடித்து ஒரே மண் திட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். ராஜபாளையம் நாய் பெரும்பாலும் ஒருவரிடமே ஒட்டிக்கொள்ளும் என்பதால் முதல் சில வாரம் அவரே அழைத்துப் போவது நல்லது. கழித்து முடித்த அந்த நொடியிலேயே தட்டிக்கொடுத்து ஒரு துண்டு கறி தரலாம். வீடு திரும்பித் தந்தால் எதற்கென்று அதற்கு விளங்காது. இந்த இனத்தில் காது கேளாமலே பிறக்கும் நாய்களும் உண்டு. அவற்றுக்குக் குரலால் பயனில்லை, கைச்சாடைதான் பேச்சு.

வீட்டுக்குள் நனைந்த இடத்தை ஃபினாயிலால் துடைத்தால் மனித மூக்குக்குத்தான் நாற்றம் போகும், நாயின் மூக்குக்குப் போகாது. அம்மோனியா கலந்த திரவமோ சிறுநீர் போலவே மணக்கும். செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் என்சைம் திரவத்தை ஊற்றி ஊறவிட்டுத் துடைக்க வேண்டும்.

கவனிக்க ஆளில்லாத நேரத்தில் நாயை ஓர் அறைக்குள் மட்டும் விடலாம். ஒரு மாதம் தவறாமல் வெளியே போனபின் அடுத்த அறையைத் திறக்கலாம். அங்கே தவறினால் கதவை மறுபடி சாத்திவிட்டு, இன்னும் இரண்டு வாரம் அதே மண் திட்டுக்கு அழைத்துப் போக வேண்டும்.