வாங்காத கடனுக்கு வசூல் அழைப்பு

2017-இல் ஈக்விஃபேக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனத்தின் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள் சுமார் 14.7 கோடி அமெரிக்கர்களின் விவரங்களைத் திருடினார்கள். பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைத்தால், திருடன் அடுத்தவர் பெயரில் கடன் வாங்கலாம். வசூல்காரரின் மிரட்டலோ நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ ஒழுங்காக வாழும் குடும்பத்துக்கு வரும்.

பயந்துபோய் ஒரு டாலர்கூடக் கட்டக் கூடாது.

1977-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கடன் வசூல் சட்டம் துணை நிற்கிறது. வசூல் அறிவிப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் மறுத்தால், ஆதாரம் தரும்வரை வசூல்காரர் வசூலை நிறுத்த வேண்டும். ஃபெடரல் டிரேட் கமிஷனிடம் அடையாளத் திருட்டுப் புகார் பதிந்து, அந்த அறிக்கையையும் அடையாளச் சான்றையும் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கடன் தகவல் நிறுவனங்களுக்கும் அனுப்பினால், போலிக் கடனை 4 வேலை நாட்களுக்குள் அவை உங்கள் கடன் அறிக்கையில் மறைக்க வேண்டும்.

திருடன் உங்கள் பெயரில் புதுக் கடன் வாங்காமல் தடுக்க, கடன் அறிக்கையை முடக்கிவைக்கலாம்; அது 2018 செப்டம்பரிலிருந்து இலவசம். இன்றே செய்துவிடுங்கள்.