இரத்தக்குழாய்க்குள் ஒரு கம்பிக்கூடு



"மாமாவுக்கு ஸ்டென்ட் வச்சாச்சு, இனி பயமில்லை" என்ற பேச்சு நம் தட்டாஞ்சாவடித் தெருக்களிலும் காதில் விழுகிறது. பயம் உண்மையிலேயே போய்விட்டதா?

ஸ்டென்ட் என்பது மெல்லிய உலோகக் குழாயை லேசரால் வலைபோல் வெட்டிச் செய்வது. அதைச் சுருக்கி ஒரு பலூன் மேல் வைத்து, அடைபட்ட இதயத் தமனிக்குள் கொண்டுபோய் ஊதி விரிப்பார்கள். பலூன் வெளியே வந்துவிடும். கூடு உள்ளேயே நிற்கும். 1986-ல் பிரான்சின் துலூஸ் நகரில் டாக்டர் ஜாக் புயெல் இதயத் தமனி ஸ்டென்டை முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தினார். 1990-களில் நம் இராமேசுவரத்து அப்துல் கலாமும் ஹைதராபாத் டாக்டர் சோம ராஜுவும் சேர்ந்து விலை குறைந்த ஸ்டென்ட் ஒன்றை உருவாக்கினார்கள்.

பைப் லைன் படித்த நமக்கு, "அடைப்பு எடுத்தாச்சு, வேலை முடிஞ்சுது" என்றுதான் தோன்றும். ஆனால் இரத்தக்குழாய் ஜி.ஐ. பைப் அல்ல. அதன் உட்சுவரில் ஒரே ஒரு செல் கனத்தில் உயிருள்ள படலம் உண்டு. அதன் பெயர் எண்டோதீலியம். அது நைட்ரிக் ஆக்சைடு வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது. இரத்தம் உறையாமலும் காக்கிறது. நைட்ரிக் ஆக்சைடின் இந்த வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பலூன் விரியும்போது அந்த இடத்தில் இந்தப் படலம் உரிந்துபோகிறது. வெறும் உலோகம் இரத்தத்தில் பட்டால் இரத்தம் உறையப் பார்க்கும். பக்கத்துச் செல்கள் மெல்லப் பரவிக் கம்பிகளை மூட வேண்டும். ஆனால் கூடவே தசைச் செல்களும் அளவு மீறி வளர்ந்து மறுபடி அடைத்துவிடுவதுண்டு. அதைத் தடுக்கத்தான் சிரோலிமஸ் போன்ற மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது.

சிக்கலும் அங்கேதான்! அந்த மருந்து எண்டோதீலியம் வளர்வதையும் தாமதப்படுத்துகிறது. மூடிய பிறகும் புதுப்படலம் பலருக்குப் பழையதுபோல் முழுத்திறனுடன் வேலை செய்வதில்லை. கம்பி மெலிந்தால் படலம் சீக்கிரம் மூடும். அதனால்தான் ஸ்டீலுக்குப் பதில் உறுதியான கோபால்ட்-குரோமியம் வந்தது. முன்பு சுமார் 140 மைக்ரான் இருந்த கம்பி, இன்று பலவற்றில் 60 முதல் 80 மைக்ரான்தான்.

படலம் மூடும்வரை காவல் யார்? ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற மாத்திரைகள்தான். பெரும்பாலும் 6 முதல் 12 மாதம் இரண்டையும் சேர்த்துத் தருவார்கள். அதன்பின் ஒன்று தொடரும். "வலிதான் இல்லையே, எதுக்கு மாத்திரைச் செலவு?" என்று இடையில் நிறுத்தினால், ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து திடீர் மாரடைப்பு வரலாம். பல் பிடுங்கப் போனாலும் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

நண்பர்களே! என்னைப்போல் நம்மில் பலர் வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள். மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லும் வேலை நம்மிடம்தான் வரும். எத்தனை மாதம் என்று டாக்டரிடம் கேட்டு, காலண்டரில் குறித்து வையுங்கள். அது ஓர் உயிரைக் காக்கும்!