மனச்சிதைவு: மருந்து தேடிய வரலாறும் ஒரு கையெழுத்தும்

ஊரை விட்டு வந்து வெளி மாநிலங்களில் குடியேறிய நம் குடும்பங்களில் சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டுவலி ஆகியவற்றைப் பற்றிச் சங்க விழாக்களில்கூடத் தாராளமாகப் பேசிக்கொள்கிறோம். யாருக்கு எவ்வளவு சர்க்கரை என்பது பக்கத்து நாற்காலிக்காரருக்கும் தெரியும். ஆனால் கல்லூரியில் படிக்கும் மகன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனக்குத்தானே பேசத் தொடங்கிவிட்டால், "பரீட்சைக்குப் படிக்கிறான்" என்று சொல்லிச் சமாளிக்கிறோம். ஊரில் இருக்கும் பெரியப்பாவுக்குக்கூடத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம்.

அப்படிப்பட்ட ஒரு குடும்பம் ஒருவழியாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து வைத்தியமும் தொடங்கிய பிறகு, ஒரு நாள் டாக்டர், "புதிய மருந்து ஒன்றைப் பற்றி இங்கே ஆராய்ச்சி நடக்கிறது. உங்கள் மகனைச் சேர்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்கக்கூடும். கையில் பக்கம் பக்கமாகத் தாள்கள் தரப்படும். "நம் பிள்ளை என்ன சோதனை எலியா?" என்று சிலருக்குக் கோபம் வரும். "டாக்டர் சொன்னால் சரிதான்" என்று படிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர்களும் உண்டு. இரண்டுமே அவசரம் என்பது என் அபிப்பிராயம். இந்த ஆராய்ச்சிகள் எதற்காக நடக்கின்றன, அவற்றால் என்ன தெரிந்திருக்கிறது என்பதைக் கொஞ்சம் அறிந்துகொண்டு முடிவு செய்வது நல்லது.

தமிழில் மனச்சிதைவு என்றும், மருத்துவர்களால் ஸ்கிஸோஃப்ரீனியா என்றும் சொல்லப்படும் இந்நோய், வாழ்நாளில் நூறு பேருக்கு ஒருவர் என்பதற்குச் சற்றுக் குறைவான அளவில் வருகிறது. பெரும்பாலும் இளம் வயதில்தான் தலைகாட்டும். யாருமில்லாத இடத்தில் குரல் கேட்கும். யாரோ தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்ற எண்ணம் அசைக்க முடியாமல் வேரூன்றும். குளிப்பது, உண்பது, பழகுவது எதிலும் நாட்டமில்லாமல் ஒதுங்கிவிடுவார்கள். இது மூளையின் இயக்கத்தில் ஏற்படும் கோளாறு. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. தாய் வளர்த்த வளர்ப்பு சரியில்லை என்று பழிபோடுவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

மருந்துகளுக்கு முன்னால் நடந்த ஒரு கதையைச் சொல்ல வேண்டும். 1933ஆம் ஆண்டு வாக்கில் வியன்னாவில் மான்ஃப்ரெட் சாக்கெல் என்ற மருத்துவர், இன்சுலினை அதிக அளவில் ஊசியாகப் போட்டு நோயாளியை ஆழ்ந்த மயக்கத்தில் ஆழ்த்தி, பிறகு குளுக்கோஸ் கொடுத்து எழுப்பும் சிகிச்சையைத் தொடங்கினார். வாரக்கணக்கில் இது தொடரும். குணம் தெரிகிறது என்று உலகெங்கும் டாக்டர்கள் சொன்னார்கள். நம் நாட்டு மனநோய் மருத்துவமனைகளுக்கும் அது வந்து சேர்ந்தது. சிலர் மயக்கத்திலிருந்து விழிக்காமலே போனார்கள். 1957இல்தான் லண்டனில் அக்னர் என்பவரும் அவருடைய சகாக்களும் அதை முறையாகச் சோதித்தார்கள். நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு இன்சுலின் மயக்கம், மற்றவர்களுக்குச் சாதாரணத் தூக்க மருந்தால் மயக்கம். மற்றபடி கவனிப்பு எல்லாம் ஒன்றே. முடிவில் இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை. இருபது வருடங்களுக்கு மேலாக இன்சுலினுக்குக் கிடைத்த பெயர், தனி வார்டும் நர்சுகளின் இடைவிடாத கவனிப்பும் வாங்கித் தந்த பெயராகத்தான் இருக்க வேண்டும்.

நல்ல எண்ணமுள்ள, அனுபவமுள்ள டாக்டர்களே இப்படி ஏமாந்திருக்கிறார்கள். இதைத் தவிர்க்கத்தான் இரு பிரிவாகப் பிரித்துச் சோதிக்கும் முறை வந்தது. எந்த நோயாளி எந்தப் பிரிவு என்பதைத் திருவுளச் சீட்டுப் போட்டுப் பார்ப்பது போலக் குலுக்கலில் முடிவு செய்வார்கள். டாக்டர் தமக்குப் பிடித்தவரைப் புதிய மருந்துப் பக்கம் தள்ள முடியாது. யாருக்கு என்ன மாத்திரை என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

உண்மையிலேயே வேலை செய்த முதல் மருந்து 1952இல் பாரிஸில் கிடைத்தது. அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியை அமைதிப்படுத்தப் பயன்பட்ட குளோர்ப்ரோமஸினை, சேன்ட் ஆன் மருத்துவமனையில் ஜான் டிலேயும் பியேர் டெனிக்கரும் மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி ஒன்றும் இங்கே உண்டு. நம் சர்ப்பகந்தி வேரைப் பற்றி, அது இரத்த அழுத்தத்துக்கும் பித்துக்கும் பயன்படுவதாக 1931லேயே கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் கட்டுரை எழுதிவிட்டார்கள். அந்த வேரிலிருந்து பிரித்தெடுத்த ரெஸர்பைன், 1950களில் அமெரிக்க மனநல மருத்துவமனைகள் வரை போயிற்று. பக்க விளைவுகளால் பின்னர் வழக்கொழிந்தது.

க்ளோஸபைனின் கதை இன்னும் விசித்திரமானது. 1975இல் பின்லாந்தில் இதை உட்கொண்ட சிலருக்கு இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்து மரணம் நேர்ந்ததால், பல நாடுகள் அதைக் கைவிட்டன. ஆனாலும் வேறு எதற்கும் மசியாத நோயாளிகளுக்கு அது உதவுகிறது என்ற எண்ணம் மறையவில்லை. 1988இல் ஜான் கேன் என்ற அமெரிக்க மருத்துவர், பல மருந்துகளும் பலிக்காத 268 பேரை இரு பிரிவாக்கி 6 வாரம் சோதித்தார். குளோர்ப்ரோமஸின் பிரிவில் 4 சதவிகிதம் பேருக்கும், க்ளோஸபைன் பிரிவில் 30 சதவிகிதம் பேருக்கும் முன்னேற்றம் தெரிந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நம் டாக்டர்கள் க்ளோஸபைன் எழுதித் தரும்போது அடிக்கடி இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்வது அந்தப் பழைய மரணங்களின் காரணமாகத்தான். "பையன் நன்றாகத்தானே இருக்கிறான், எதற்கு வீண் செலவு" என்று அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

"நன்றாகத்தானே இருக்கிறான்" என்ற அதே காரணத்துக்காக மாத்திரையையும் நிறுத்திவிடுகிறவர்கள் அநேகம். 65 பரிசோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டு 2012இல் வெளிவந்த ஆய்வின்படி, மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது 27 சதவிகிதம் பேருக்கு. மருந்தில்லாத மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 சதவிகிதம் பேருக்கு. மருந்தில்லாமலே ஓராண்டு தாக்குப்பிடித்தவர்களும் இருக்கிறார்கள் என்பதும் இதில் தெரிகிறது. ஆனால் அவர்கள் யார் என்பதை முன்கூட்டியே சொல்ல வழியில்லை. இந்தச் சூதாட்டத்தை டாக்டரைக் கேளாமல் ஆட வேண்டாம்.

மருந்து மட்டும் போதுமா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி. 1984இல் டாக்டர் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தைப் பலர் அறிந்திருப்பீர்கள். 1981இல் முதன்முறையாக நோய் கண்ட 90 பேரைச் சென்னை மருத்துவர்கள் டாக்டர் ஆர். தாராவின் முயற்சியால் 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நோய் வந்தும் தணிந்தும் போனவர்களே அதிகம். இடைவெளியின்றி நோயிலேயே கிடந்தவர்கள் சிலர்தான்.

இதன் தொடர்ச்சியாகக் காஞ்சிபுரம், கோவா, சதாரா ஆகிய மூன்று இடங்களில் நடந்த ஒரு பரிசோதனை 2014இல் லான்செட் இதழில் வெளியாயிற்று. மொத்தம் 282 நோயாளிகள். 95 பேருக்கு வழக்கமான ஆஸ்பத்திரி வைத்தியம் மட்டும். 187 பேருக்கு அதோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்தார்கள். இவர்கள் டாக்டர்கள் அல்ல. மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்தார்கள். குடும்பத்தாரிடம் நோயைப் பற்றி விளக்கினார்கள். மீண்டும் ஏதாவது வேலைக்குப் போக வழி பார்த்தார்கள். 12 மாத முடிவில் இவர்களுடைய நோய்க்குறிகளும், அன்றாட வாழ்வில் இருந்த முடக்கமும் மற்றவர்களைவிட ஓரளவு குறைந்தன. அதிகப் பலன் தெரிந்தது காஞ்சிபுரம் பகுதியில். ஆனால் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரின் சுமை குறையவில்லை. ஊரார் ஒதுக்குவதும் குறையவில்லை. இந்த முடிவையும் மறைக்காமல் எழுதினார்கள். ஊரில் என்றால் அத்தையோ சித்தப்பாவோ ஒரு வேளை பார்த்துக்கொள்வார்கள். இங்கே தனிக்குடித்தனத்தில் அம்மா ஒருத்தியே எல்லாம். அந்தச் சுமையைக் குறைக்கும் வழிக்கு இன்னும் ஆராய்ச்சி வேண்டும்.

மறுபடியும் அந்தத் தாள்களுக்கு வருவோம். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆராய்ச்சியில் சேர நோயாளியின் சம்மதம்தான் வேண்டும். அவரால் சம்மதம் தர இயலாத நிலை என்றால், பெற்றோரின் கையெழுத்து மட்டும் போதாது; மாநில மனநல ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். 2019ஆம் ஆண்டு மருந்துப் பரிசோதனை விதிகள், சேருகிறவருக்குப் புரியும் மொழியில் விவரம் தரப்பட வேண்டும் என்கின்றன. ஆகவே டில்லியானாலும் புனேயானாலும் தமிழில் விளக்கம் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. பரிசோதனையால் தீங்கு நேர்ந்தால் வைத்தியமும் இழப்பீடும் தர அவ்விதிகள் வகை செய்கின்றன.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. இப்போது சாப்பிடும் மருந்து நிறுத்தப்படுமா? மருந்தில்லாத மாத்திரை விழ வாய்ப்புண்டா? நிலைமை மோசமானால் இரவு எந்த எண்ணுக்குப் போன் செய்வது? ஆராய்ச்சி முடிந்தபின், பலன் தந்த மருந்து தொடர்ந்து கிடைக்குமா? கடைசிக் கேள்வியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஸனோமலைன்–ட்ரோஸ்பியம் என்ற மருந்து, பழைய மருந்துகளைப் போல் டோபமைனைத் தடுக்காமல் வேறு வழியில் வேலை செய்கிறது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அதன் முக்கியப் பரிசோதனைகள் 5 வாரமே நடந்தவை; நம் பிள்ளைகள் மருந்து சாப்பிட வேண்டியதோ பல வருடங்கள்.

உங்களிடம் சொல்லப்படும் பரிசோதனை முறைப்படி பதிவானதா என்பதை இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவகத்தில் யாரும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். மருந்துப் பரிசோதனைகளுக்கு 2009 முதல் இந்தப் பதிவு கட்டாயம். இன்னும் ஆஸ்பத்திரிப் படியே ஏறாத குடும்பங்கள், மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவையில் தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது.