பந்தயம் பார்க்கவும் பயணம் போகலாம்

எங்கள் மலையகத் தோட்டங்களில் ஒரு பெண் பயணப் பெட்டி வாங்கினால் லயத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: "எந்த நாடு? எந்த ஏஜன்சி?" நமது பெண்களுக்கு வெளிநாடு என்பது வேலைத்தலம். சவூதியிலோ குவைத்திலோ பிறர் வீட்டுச் சமையலறையில் சில வருடங்கள். திரும்பி வந்தால் கூரைத் தகரம், பிள்ளையின் படிப்பு, பழைய கடன். ஒரு பெண் தன் மகிழ்ச்சிக்காகவும் கடல் கடந்து போகலாம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

2025 யூலையில் நான் பிரான்சுக்குப் புறப்பட்டபோது, பசறைப் பக்கத் தோட்டமொன்றின் மகளிர் குழுவினரும் அதையேதான் கேட்டனர். பெண்களின் சைக்கிள் பந்தயம் பார்க்கப் போகிறேன் என்றேன்.

"ஓடுறதுக்கா மிஸ்?"

"இல்லை, பார்க்க."

"பாக்குறதுக்கா இவ்வளவு காசு?"

நியாயமான கேள்வி. அதற்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இரசிகையானது எப்படி?

ஏற்றமும் இறக்கமுமான பதுளையில் துவிச்சக்கர வண்டி ஓட்டும் பெண்கள் குறைவு. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பெற்றோல் நிலையங்களில் நாட்கணக்கில் வரிசைகள் நீண்டன. பழைய சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. நானும் ஒன்றை வாங்கி வேலைக்குப் போனேன். பாதித் தூரம் மிதித்தேன், மீதித் தூரம் தள்ளினேன். அந்த யூலை மாதத்தில்தான், பாரிஸ் நகர வீதிகளில் பெண்கள் பந்தயம் ஓடும் காட்சியைக் கைத்தொலைபேசியில் கண்டேன். அன்று தொடங்கிய பைத்தியம் இன்னும் தீரவில்லை.

ஆண்களுக்கான டுவர் டி பிரான்ஸ் 1903இல் ஆரம்பமானது. பெண்களுக்கு அதே பெயரில் ஒரு பந்தயம் 1984இல்தான் கிடைத்தது. அமெரிக்கரான மரியான் மார்ட்டின் அதில் வென்றார். 1989க்குப் பின் ஏற்பாட்டாளர்கள் அதனைக் கைவிட்டனர். பல பெண் வீராங்கனைகள் விடாது குரல் கொடுத்த பின்னர், 2022இல் அது மீண்டும் ஆரம்பமானது.

1984 நமக்கும் முக்கியமான ஆண்டு. தோட்டங்களில் பெண் தொழிலாளருக்கு ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைத்தது அந்த ஆண்டில்தான். அதற்கு முன், அதே மலையில் அதே வெயிலில் நின்ற பெண்ணின் 'பேருக்கு' விலை குறைவு.

காசும் கடதாசியும்

மூன்று வருடச் சீட்டுக் காசும் சேமிப்பும் பயணச் செலவுக்குப் போயின. பாரிசுக்கு அருகே வசிக்கும் என் சின்னம்மாவின் மகள், அக்கா, தங்க இடம் தந்தார். விசாவுக்கு அவர் தமது நகரசபையில் பெற்று அனுப்பிய அழைப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விபரம், பயணக் காப்புறுதி, வேலைத்தலக் கடிதம், திரும்பி வரும் விமானச்சீட்டு எல்லாம் தேவைப்பட்டன. விசாக் கட்டணம் மட்டும் 90 யூரோ. ஓர் அலுவலகத்தில் இருந்தவர் என் கடதாசிகளைப் புரட்டிவிட்டு, "உண்மையில் என்ன வேலைக்குப் போகிறீர்கள்?" என்று இரண்டு தடவை கேட்டார். பதுளை முகவரிக்கு அவர் மனதில் வேறு காரணம் இல்லை.

வீதியோரத்தில் ஒரு நாள்

2025 பந்தயம் யூலை 26 முதல் ஒகஸ்ட் 3 வரை 9 நாட்கள் நடந்தது. யூலை 28, மூன்றாம் நாள் ஓட்டம் ஆன்ஜே நகரில் முடிவடைந்தது. பாரிசிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். அக்காவும் நானும் கட்டுச்சோற்றுடன் போனோம்.

சைக்கிள் பந்தயத்துக்கு வீதிதான் மைதானம். வீதியோரம் நிற்க நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை. முதலில் வந்தவருக்கு முன்வரிசை, அவ்வளவுதான். தோட்டத்து மாரியம்மன் தேர் வரும் நாள் போலிருந்தது. மடக்கு நாற்காலியில் பாட்டிமார், தந்தையின் தோளில் பிள்ளைகள். முதலில் விளம்பர வாகனங்கள் வந்தன; அவற்றிலிருந்து வீசிய தொப்பிகளுக்கும் இனிப்புகளுக்கும் பெரியவர்களும் கை நீட்டினர். மணிக்கணக்கான காத்திருப்புக்குப் பிறகு பெண்கள் வந்தார்கள். காற்றைக் கிழிக்கும் ஓசை, சங்கிலிகளின் இரைச்சல், வண்ணங்களின் ஒரு கோடு. சில விநாடிகளில் கடந்துவிட்டனர். 160 கிலோமீற்றருக்கு மேல் ஓடி வந்தவர்களில் லொரேனா வீபஸ் முதலிடம் பெற்றார். முடிவிடத்துக்குச் சற்று முன் சிலர் விழுந்தனர். முன்னாள் சம்பியன் டெமி வொலரிங்கும் அவர்களில் ஒருவர். அவர் எழுந்து ஓடி முடித்தார்.

என்னைத் தொட்டது இன்னொன்று. அங்கு நின்ற பெண்கள் பகல் முழுவதையும் தமக்காகச் செலவழித்தனர். எவரும் அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

ஒரு சிறு தீவின் மஞ்சட் சட்டை

மொத்த நேரக் கணக்கில் முன்னிற்பவருக்கு மஞ்சட் சட்டை தரப்படும். அன்று காலை அதனை அணிந்து புறப்பட்டவர் மொரீஷியஸைச் சேர்ந்த கிம் லெ கோர்ட். அந்தத் தீவு பரப்பளவில் நமது ஊவா மாகாணத்தின் கால்பங்கு அளவுதான். நம் முன்னோர் தேயிலைக்கும் கோப்பிக்கும் இங்கு வந்தது போல, கரும்புத் தோட்டங்களுக்காகத் தமிழர் கொண்டு செல்லப்பட்ட தீவு அது. இரண்டு நாட்களின் பின் ஐந்தாம் நாள் ஓட்டத்தை வென்று, இப்பந்தயத்தில் ஒரு நாள் ஓட்டத்தை வென்ற முதல் ஆபிரிக்கப் பெண்ணானார் அவர்.

ஒகஸ்ட் 2ஆம் திகதி மதலேன் கணவாய் ஏற்றத்தை அக்கா வீட்டு ரி.வி.யில் பார்த்தேன். 18 கிலோமீற்றருக்கு மேல் நீளும் ஏற்றம். உச்சி சுமார் 2,000 மீற்றர். நமது நமுனுகுல மலை 2,036 மீற்றர். வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி ஏறிய அந்த முகங்களைக் கண்டதும், கொழுந்துச் சாக்குடன் நிறுவைக்கு ஏறும் நம் பெண்களின் முகங்களே நினைவில் வந்தன. அன்று வென்ற பிரான்சின் பொலின் பெரான்-பிரேவோ மறுநாள் முழுப் பந்தயத்தையும் வென்றார். வெற்றிப் பரிசு 50,000 யூரோ. ஆண்களின் சம்பியனுக்கு 5 லட்சம் யூரோ. ஆண்கள் 21 நாட்கள் ஓடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் பத்து மடங்கு வித்தியாசத்துக்கு அது மட்டும் கணக்காகாது.

சகோதரிகளே, நாம் என்ன செய்யலாம்?

சம்பளம் சமமானாலும் ஓய்வு சமமாகவில்லை. ஞாயிறு ஆணுக்கு விடுமுறை. பெண்ணுக்கு விறகும் துணி துவைப்பும். இதைப் பேச பிரான்சுக்குப் போக வேண்டியதில்லை. போக எல்லோராலும் இயலாது என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் சிலவற்றை இங்கேயே செய்யலாம். பொங்கல், சித்திரை விளையாட்டு விழாக்களில் பெண்களுக்குத் தேசிக்காய் ஓட்டத்தோடு நிறுத்தாமல், சைக்கிள் ஓட்டமும் வேண்டும் என்று கேட்கலாம். மகனுக்குச் சைக்கிள் வாங்கும் வீட்டில் மகளுக்கும் ஓட்டப் பழக்கலாம். நம் நாட்டுப் பந்தயங்களிலும் பெண்கள் ஓடுகிறார்கள். அவர்கள் ஓடும் நாளில் நாம் வீதிக்கு இறங்கிக் கைதட்டலாம்.

எங்கள் மகளிர் குழு மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகலைத் தமக்கென ஒதுக்கியுள்ளது. அன்று சமையலும் பிள்ளைகளும் வீட்டு ஆண்களின் பொறுப்பு. முதல் மாதம் ஒன்பது பேர் வந்தனர். இரண்டாம் மாதம் இருபத்திரண்டு பேர்.